போறணை வாங்குவதற்கு முன்...



பயிற்சி வகுப்புக்கு வருகின்ற பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கின்ற கேள்விகள் இரண்டு. "சீஸும் இலைவகையும் போட்ட பாணை வீட்டில் சுடலாமா?" என்பது ஒன்று. "அதற்கு எந்த ஓவன் வாங்கவேண்டும்?" என்பது மற்றது. முதலாவதுக்கு என் பதில், தாராளமாகச் சுடலாம். இரண்டாவதுக்கு என் பதில், இப்போதைக்கு ஒன்றும் வாங்கவேண்டாம்.

1990 களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில் எங்கள் வீட்டுக் கேக் மணற்சட்டியில்தான் வெந்தது. 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்களிலும் அதே சட்டிதான் எனக்குக் கைகொடுத்தது. ஆகவே இந்த மாதம் அந்தச் சட்டியிலேயே பாண் சுடுவோம்.

தேவையானவை: கோதுமை மா 500 கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், சீனி 2 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் ஏறக்குறைய 300 மில்லிலீற்றர், துருவிய கட்டிச் சீஸ் 100 கிராம். சீஸிலும் உப்பு இருப்பதால் இதற்கு மேல் உப்புச் சேர்க்கவேண்டாம்.

இலைகளுக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. வேலியோரத்துக் கற்பூரவள்ளியில் ஐந்து இலை, கறிவேப்பிலை இரண்டு நெட்டு, வெங்காயத்தாள் ஒரு பிடி போதும். போத்தலில் விற்கும் ஓரிகானோவின் வாசம் கற்பூரவள்ளியிலும் உண்டு. இரண்டிலும் ஒரே வகை வாசனை எண்ணெய் இருப்பதே காரணம். இலைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பொடியாக அரிந்துகொள்ளுங்கள்.

ஈஸ்ட் உயிருள்ளது. கொதிநீரில் செத்துப்போகும். கைக்குழந்தைக்கு வார்க்கும் தண்ணீரின் சூடே அதற்குப் போதும். அந்தத் தண்ணீரில் அரைவாசியை எடுத்து, சீனியையும் ஈஸ்டையும் கலந்து பத்து நிமிடம் மூடி வையுங்கள். நுரைத்து வந்தால் ஈஸ்ட் நல்லது. நுரைக்காவிட்டால் அதனை மாவில் ஊற்றி மாவையும் வீணாக்காதீர்கள்.

மாவில் உப்பைக் கலந்து, ஈஸ்ட் நீர், எண்ணெய், மிகுதித் தண்ணீர் என்பவற்றைச் சேர்த்துப் பத்து நிமிடம் நன்றாகக் குழையுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சிறு துண்டை எடுத்து விரித்தால் கிழியாமல் மெல்லிய சவ்வுபோல் நீளவேண்டும். ஈரத்துணியால் மூடி வையுங்கள். எங்கள் வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்தில் இரு மடங்காகப் பொங்கிவிடும்.

பொங்கிய மாவைத் தட்டையாக்கி, இலைகளையும் சீஸில் முக்கால்வாசியையும் பரப்பிப் பாய்போல் சுருட்டுங்கள். 12 துண்டுகளாக வெட்டி, எண்ணெய் பூசிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, இன்னும் அரை மணித்தியாலம் விடுங்கள்.

இதற்கிடையில் அடி தடித்த பெரிய சட்டியில் காய்ந்த சுத்தமான மணலை இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மூடி, அடுப்பில் 15 நிமிடம் சூடாக்குங்கள். மணலின் மேல் ஒரு கம்பி வளையம் வைத்து, அதன்மேல் தட்டை வைத்து மூடுங்கள். மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். மேலும் கீழும் ஒரே அளவு சூடு இருந்தால்தான் பாண் ஒழுங்காக வேகும். ஏறக்குறைய 30 நிமிடம் எடுக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில் மிகுதிச் சீஸைத் தூவுங்கள், முதலிலேயே தூவினால் கருகும். அடியில் தட்டும்போது வெறும் டப்பாவின் ஓசை வந்தால் வெந்துவிட்டது. தணல் புகை ஆபத்தானது. காற்றோட்டமான திறந்த இடத்திலேயே இதைச் செய்யுங்கள்.

இனி ஓவனுக்கு வருவோம். வாசலுக்கு வந்து "கையெழுத்து மட்டும் போடுங்கோ அக்கா, ஓவன் நாளைக்கே வரும்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். வாரத் தவணை 800 ரூபா என்றும், ஒரு துண்டில் மிச்சம் 20 ரூபா என்றும் வைப்போம். வாரத்தில் முதல் 40 துண்டுகள் தவணைக்கே போகும். நீங்கள் காய்ச்சலில் படுத்த வாரத்திலும் தவணை வரும். நுண்கடன் எங்கள் பெண்களை எவ்வளவு நெருக்கியது என்பதற்குச் சான்று வேண்டுமா? 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கமே கடன் நிவாரணம் அறிவிக்கவேண்டி வந்தது.

ஆகவே முதலில் சட்டியில் சுடுங்கள். ஒரு கொப்பியில் மா, சீஸ், ஈஸ்ட், விறகு, பொதி உறை என எல்லாவற்றின் விலையையும் எழுதுங்கள். உங்கள் கூலியையும் எழுதுங்கள். எங்கள் பெண்கள் எழுத மறக்கும் வரி அதுதான். எல்லாவற்றையும் கூட்டி 12 ஆல் பிரித்தால் ஒரு துண்டின் அடக்கவிலை வரும். அதற்குக் குறைவாக யாருக்கும் விற்காதீர்கள். விற்கத் தொடங்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேளுங்கள்.

மூன்று மாதக் கணக்கில் மிச்சம் தெரிந்தால், அந்த மிச்சத்திலேயே ஓவனுக்குச் சேமிக்கத் தொடங்கலாம். அப்படி வாங்கும் ஓவனுக்காக யாரும் வந்து உங்கள் படலையைத் தட்டமாட்டார்கள்.