முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை: மருத்துவமனைகளின் கூட்டுப் பொறுப்பு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கருவில் 34 வாரம் நிறையும் முன்போ 2000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறக்கும் குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் பரிசோதித்தாக வேண்டும் என்பது மருத்துவ விதி. அதை நிறைவேற்றும் பொறுப்பு குழந்தையைப் பேணிய மருத்துவமனைக்கும் கண் மருத்துவமனைக்கும் கூட்டாக உரியதேயன்றிப் பெற்றோரின் தலையில் சுமத்தத்தக்கதன்று என்பதே கோட்டையூர் வட்டாரத்தில் தாய்சேய் நலத்துக்காகச் செயல்படும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

விழித்திரையின் இரத்த நாளங்கள் கருக்காலத்தின் இறுதி வாரங்களில்தான் முழுமை பெறுகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் அவ்வளர்ச்சி இடையில் தடைப்பட்டு, உயிர்காக்கத் தரும் ஆக்சிஜனின் அளவு கண்காணிக்கப்படாவிடில் மேலும் சீர்குலைந்து, நாளங்கள் தாறுமாறாகக் கிளைக்கின்றன. நோய் முற்றினால் விழித்திரை பிரிந்து பார்வை நிரந்தரமாகப் போகும். குறைமாத விழித்திரை நோய் எனப்படும் இதற்குத் தொடக்கத்தில் வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இல்லை. உரிய வேளையில் லேசர் சிகிச்சை அளித்தால் பெரும்பாலான கண்களைக் காக்கலாம் என்றாலும், சிகிச்சை தேவை எனக் கண்டபின் இரண்டு மூன்று நாளுக்குமேல் காத்திருக்க இயலாது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணும் குழந்தையும் முப்பது கழியும்வரை வாசல் தாண்டலாகாது என்ற வழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. மருத்துவம் விதிக்கும் கெடுவும் அதே முப்பது நாள். பச்சிளங்குழந்தையைத் தொற்றிலிருந்து காத்துவந்த வழக்கத்தைப் பழிப்பதில் பயனில்லை. காரைக்குடியிலோ சிவகங்கையிலோ தேறி வீடு திரும்பிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கடந்து மதுரைக்குப் போகச் சொல்லும் ஏற்பாடுதான் குறையுடையது. தாய் பின்னர்ப் புகுந்த வீடு இருக்கும் வேறு மாவட்டத்துக்குச் சென்றுவிட்டால் குழந்தையின் மருத்துவப் பதிவும் அத்துடன் அறுந்துபோகிறது.

தவறினால் நேர்வது என்ன என்பதற்குச் சான்று உண்டு. 1996இல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில் பிறந்து, இப்பரிசோதனை செய்யப்படாமல் பார்வையிழந்த பெண்ணுக்குத் தமிழக அரசு பெருந்தொகையை இழப்பீடாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015 ஜூலையில். இடையில் கழிந்தவை 19 ஆண்டுகள். பிறப்பு முதல் 18 வயது வரையான குழந்தைகளுக்கென 2013இல் நடுவண் அரசு தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரம் திட்டமும் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. எனவே, விதியும் உண்டு, திட்டமும் உண்டு. இரு மருத்துவமனைகளைப் பிணைக்கும் கடப்பாடுதான் வேண்டும்.

அதற்கு முன்மாதிரி அண்டை மாநிலத்தில் இருக்கிறது. 2008 முதல் பெங்களூரு நாராயண நேத்ராலயா, பயிற்சி பெற்ற தொழில்நுட்பாளர்களைக் கேமராவுடன் கர்நாடக மாவட்டங்களின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கே அனுப்பி, அவர்கள் எடுக்கும் விழித்திரைப் படங்களைத் தொலைவிலிருக்கும் நிபுணர்கள் பார்த்து முடிவு சொல்லும் முறையை நடத்திவருகிறது. 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த மதுரைக்கு அருகிலேயே இருக்கும் சிவகங்கை மாவட்டத்துக்கு இது எட்டாததன்று.

ஆகவே, மாவட்டத்தில் குறைமாதக் குழந்தைகளைப் பேணும் அரசு, தனியார் மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் ஒரு கண் மருத்துவமனையுடன் எழுத்துவழி உடன்படிக்கை செய்துகொண்டு, வாரம் ஒருமுறை பரிசோதகர் வருவதை உறுதிசெய்ய வேண்டும் என்றும், வீடு அனுப்பும் சீட்டில் அடுத்த பரிசோதனையின் தேதியும் இடமும் தமிழில் எழுதப்பட வேண்டும் என்றும், தாய் வேறு மாவட்டம் சென்றால் அங்குள்ள மருத்துவமனைக்குப் பதிவை அனுப்பிப் பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தும் கடமை முதல் மருத்துவமனையைச் சாரும் என்றும் இவ்வமைப்பு மாவட்ட நிர்வாகத்தை வலியுறுத்துகிறது.