நீதி இல்லாத சுல்ஹு நிலைக்குமா? தென் தாய்லாந்து தரும் பாடம்



2024 அக்டோபர் 25-ஆம் நாளோடு தாய்லாந்தில் ஒரு வழக்கு காலாவதியாயிற்று. குற்றம் சாட்டப்பட்டோர் தண்டிக்கப்படவுமில்லை. குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பளிக்கப்படவுமில்லை. அவர்களுள் ஒருவரேனும் நீதிமன்றத்தில் வந்து நிற்கவில்லை. சட்டம் விதித்த இருபது ஆண்டுக் கெடு முடிந்தது. 85 பேர் உயிரிழந்த தாக் பாய் நிகழ்வின் வழக்கும் அத்துடன் முடிந்தது. கிளர்ச்சியை எதிர்கொள்ளும் ஓர் அரசு, பாதுகாப்பையும் சமாதானத்தையும் எவ்வாறு சேர்த்துக் காப்பது என்னும் கேள்விக்கு இந்நிகழ்வில் ஒரு பாடம் இருக்கிறது.

மலேசிய எல்லைக்கு அருகிலுள்ள பத்தானி, யாலா, நராத்திவாட் ஆகிய மூன்று மாகாணங்களில் பெரும்பான்மையினர் மலாய் பேசும் முஸ்லிம்கள். நம்மில் பலரைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத்தமிழை வளர்த்ததுபோல், அவர்கள் மலாயை அரபு எழுத்தில் எழுதி, அதை ஜாவி என்கின்றனர். முன்பு பத்தானி சுல்தான்களின் ஆட்சியில் இருந்த இந்நிலம், 1909-இல் பிரிட்டனும் சயாமும் செய்துகொண்ட உடன்படிக்கையால் சயாமின் பகுதி என உறுதியானது. 1947-இல் மார்க்க அறிஞர் ஹாஜி சுலோங் மொழி, கல்வி, உள்ளூர் நிர்வாகம் முதலியவை குறித்து ஏழு கோரிக்கைகளை அரசிடம் வைத்தார். மறு ஆண்டே கைதானார். விடுதலைக்குப் பின், 1954-இல் காவல்துறையினரின் அழைப்பை ஏற்றுச் சென்றவர் திரும்பி வரவேயில்லை.

அடங்கியிருந்த நெருப்பு 2004-இல் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஜனவரி 4 அன்று நராத்திவாட் இராணுவ முகாமைத் தாக்கிய கிளர்ச்சியாளர்கள் நான்கு வீரர்களைக் கொன்று, நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளைக் கைப்பற்றினர். அதே இரவில் பல பள்ளிக்கூடங்களும் எரிந்தன. ஏப்ரல் 28 அன்று நடந்த மோதல்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 32 பேர் வரலாற்றுப் புகழ்பெற்ற குரூ சே பள்ளிவாசலுக்குள் கொல்லப்பட்டவர்கள். அக்டோபர் 25, ரமலான் மாதம். கைதான ஆறு பேரை விடுவிக்கக் கோரி தாக் பாய் காவல் நிலையத்தின் முன் மக்கள் திரண்டனர். அங்கேயே ஏழு பேர் கொல்லப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைகள் பின்னால் கட்டப்பட்டு, இராணுவ லாரிகளில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்டுப் பல மணிநேரம் கொண்டுசெல்லப்பட்டனர். வழியில் 78 பேர் மூச்சுத் திணறி இறந்தனர்.

மக்களைப் பாதுகாப்பது அரசின் கடமை என்பதில் இஸ்லாத்துக்கு மாற்றுக் கருத்து இல்லை. பசியிலிருந்து காத்து உணவளித்ததையும், அச்சத்திலிருந்து காத்து அபயமளித்ததையும் சூரா குறைஷில் அல்லாஹ் ஒருசேர நினைவூட்டுகின்றான். குண்டு வெடிக்கும் சந்தையில் வணிகமும் நடவாது, கல்வியும் நடவாது. ஆகவே சோதனைச் சாவடியையும் இராணுவத்தையும் அடியோடு மறுப்பது நம் வாதமன்று. பாதுகாப்பின் பெயரால் செய்யப்படும் செயலுக்குக் கணக்குக் கேட்பவர் யார் என்பதே நம் கேள்வி.

2005 ஜூலையில் வந்த அவசரநிலைச் சட்டம், ஒருவரைக் குற்றச்சாட்டு இன்றி 30 நாள் வரை காவலில் வைக்க இடமளிக்கிறது. நல்லெண்ணத்துடன் கடமை செய்ததாகக் கருதப்படும் அதிகாரிகளுக்கு வழக்கிலிருந்து விலக்கும் தருகிறது. சில வட்டங்களில் விலக்கிக்கொள்ளப்பட்டாலும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டே வந்தது. 2008-இல் இராணுவக் காவலில் ஓர் இமாம் இறந்தார். படைவீரர்கள் அடித்ததாலேயே அவர் இறந்தார் என்பதை நீதிமன்ற விசாரணையே உறுதி செய்தது.

பத்தானியின் ஜிஹாத் வித்தயா என்னும் மதரஸா, கிளர்ச்சியாளர்களின் பயிற்சிக்குப் பயன்பட்டதாகக் கூறி 2005-இல் மூடப்பட்டது. 2015-இல் அதன் நிலத்தையும் பறிமுதல் செய்ய நீதிமன்றம் ஆணையிட்டது. குற்றம் செய்தவர் எவராயினும் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் ஒரு கல்விக்கூடத்தின் மண்ணையே பறித்தால், அங்கே ஓதிய ஒவ்வொரு பிள்ளையும் தன்னைக் குற்றவாளியாகவே உணரும். மதரஸாவில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஓர் உஸ்தாத், கோபம் கொண்ட இளைஞனிடம் பொறுமையைப் போதிக்க வேண்டுமானால், நீதி கிடைக்கும் வாசல் ஒன்றையேனும் அவனுக்குக் காட்ட முடிய வேண்டும்.

மறுபக்கத்தையும் அதே நாவால் சொல்லியாக வேண்டும். கிளர்ச்சியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைக் கொன்றிருக்கின்றனர். 2019 ஜனவரியில் நராத்திவாட்டில் ஒரு விகாரைக்குள் புகுந்தவர்கள் இரு பௌத்தத் துறவிகளைச் சுட்டுக் கொன்றனர். இதற்கு மார்க்கத்தில் எந்த ஆதாரமும் இல்லை. படையை வழியனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் பெண்களையும், குழந்தைகளையும், முதியோரையும், மடங்களில் வழிபாட்டுக்கென ஒதுங்கி வாழ்வோரையும் தீண்டக் கூடாது என்று தடுத்ததை நாம் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். 2004 முதல் இம்மோதலில் மாண்டோர் 7,000-க்கும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களே என்பது, இவ்வழி யாரை அழிக்கிறது என்பதைக் காட்டுகிறது.

சூரா அல்ஹுஜுராத்தின் 9-ஆவது வசனம் முஃமின்களின் இரு கூட்டத்தாரிடையே மூளும் சண்டையைப் பற்றிப் பேசுகிறது. வரம்பு மீறும் கூட்டத்தைத் தடுக்கச் சொல்லும் அவ்வசனம், அக்கூட்டம் திரும்பி வந்தபின் நீதியுடன் இணக்கம் செய்யுமாறு பணிக்கிறது. தடுப்பதும் இணக்குவதும் அங்கே ஒரே கட்டளையின் இரு பகுதிகள். இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு நீதி. இது முஃமின்களுக்கிடையேயான சட்டம்தானே என்று எவரும் சொல்லிவிடாதபடி, ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்யக் கூடாது என்று சூரா அல்மாயிதாவின் 8-ஆவது வசனம் எச்சரிக்கிறது.

தாய்லாந்து அரசு தாக் பாய் நிகழ்வுக்காக மன்னிப்புக் கேட்கவில்லையா? கேட்டது. 2006 நவம்பரில் அன்றைய பிரதமர் கேட்டார். 2024-இல் மற்றொரு பிரதமரும் கேட்டார். குடும்பங்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது. பின் ஏன் அக்குடும்பங்கள் நீதிமன்றம் சென்றன என்று கேட்போருக்கு ஃபிக்ஹில் பதில் உண்டு. கொல்லப்பட்டவருக்காகத் தியத் பெற்றுக்கொள்வதும் மன்னிப்பதும் வாரிசுகளின் உரிமை. முதலில் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும். பிறகே மன்னிப்பைப் பற்றிப் பேச முடியும். குற்றவாளி இன்னார் என்று எந்த மன்றமும் சொல்லாத நிலையில், அந்தத் தாய்மார் யாரை மன்னிப்பார்கள்? பணத்தைக் கொடுத்துவிட்டுக் கெடு முடியும்வரை காத்திருப்பது சுல்ஹு ஆகாது.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு அண்டையிலேயே சான்று உண்டு. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த போர், ஆழிப்பேரலைக்குப் பின் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்படிக்கையால் ஓய்ந்தது. கிளர்ச்சியாளர்கள் 840 ஆயுதங்களைப் படிப்படியாக ஒப்படைத்தனர். அதே படிகளில் வெளியிலிருந்து வந்த இராணுவமும் வெளியேறியது. ஐரோப்பிய, ஆசியான் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் இரண்டையும் எண்ணிப் பார்த்தனர். உள்ளூர்க் கட்சிகளுக்கு அனுமதியும் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பும் கிடைத்தன. அங்கும் குறை உண்டு: வாக்களித்த உண்மை ஆணையத்தின் உறுப்பினர்கள் 2016-இல்தான் பதவியேற்றனர். ஆயினும் துப்பாக்கிகள் மௌனமாயின.

தென் தாய்லாந்திலும் வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. முன்னாள் பிரதமர் ஆனந்த் பன்யாரச்சுன் தலைமையிலான தேசிய நல்லிணக்க ஆணையம் 2006-இலேயே மலாயையும் அலுவல் மொழியாக்கப் பரிந்துரைத்தது. அது ஏட்டோடு நின்றது. 2013-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பேச்சுவார்த்தை பலமுறை தடைப்பட்டது. 2022 ரமலானில் தாக்குதல்களைக் குறைக்க இரு தரப்பும் இணங்கின. ஒரு மாதம் முடிந்ததைப் பதினொரு மாதத்துக்கும் நீட்ட, மூன்றாம் தரப்பின் கண்காணிப்பு வேண்டும். அதிகாரிகளுக்கான விலக்கு நீங்க வேண்டும். பிள்ளைகள் தாய்மொழியில் கற்க வேண்டும். கிளர்ச்சியாளர்கள் ஆசிரியரையும் துறவியையும் எளிய மக்களையும் தீண்டுவதில்லை என்று அறிவித்து, அதன்படி நடக்க வேண்டும்.

நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தாக் பாய் காணொளி நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வருகிறது. கொல்லப்பட்ட துறவிகளின் செய்தி பெரும்பாலும் வருவதில்லை. பெற்றோர் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அநீதி இழைத்தவன் எவனாயினும் அது அநீதியே என்று வீட்டில் கேட்டு வளரும் பிள்ளை, வெறுப்பைப் பரப்புவோரின் வலையில் எளிதில் விழாது.

வல்ல அல்லாஹ் பத்தானி மக்களுக்கு, முஸ்லிம்களுக்கும் பௌத்தர்களுக்கும், அச்சமற்ற வாழ்வையும் நீதியோடு கூடிய சமாதானத்தையும் அருள்வானாக! ஆமீன்.