திருத்துங் கையின் திறம்

ஒரு பொருளை விலைகொடுத்து வாங்குதல் வேறு. அதனைத் தமதாக்கிக் கொள்ளுதல் வேறு. முன்னையதற்குப் பணம் ஒன்றே போதும். பின்னையதற்கோ அறிவும் உழைப்பும் பொறுமையும் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் இந்நாளிற் பலர் விரும்பி மேற்கொண்டுள்ள ஒரு முயற்சியை எடுத்துக்கொண்டு, அதன்கண் உள்ள நன்மை தீமைகளை ஆராய்ந்து, எமது கருத்தை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

சீனத்திற் செய்யப்பட்டுத் தார்ச்சாலையிலும் மண்வழியிலும் ஒருங்கே செல்லவல்ல சிறு மோட்டார் சைக்கிள்கள் அந்நாட்டிற் குறைந்த விலைக்கு விற்கப்பட்டு வருகின்றன. ஹாக் 250 என்பது அவற்றுள் ஒன்று, கலிபோர்னியாவிலுள்ள ஸி.எஸ்.ஸி. நிறுவனத்தார் விற்ற டி.டி. 250 என்பது பிறிதொன்று. பெயரில் 250 என்றிருப்பினும் இவற்றின் எஞ்சின் 229 கன சென்டிமீட்டர் கொள்ளளவே உடையது. உருளையின் விட்டம் 67 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளம் 65 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்ப்பார்க்கு இஃது எளிதிற் புலனாம். ஹாக் முதலிய வண்டிகள் பெரும்பாலும் பெட்டியில் அடைக்கப்பட்டே வாங்கினவர் வீட்டிற்கு வருகின்றன. முன்சக்கரத்தையும் கைப்பிடியையும் அவரே பூட்டிக்கொள்ளல் வேண்டும். ஆகவே, வண்டி ஓடுமுன்னரே ஸ்பானர் அவர் கையில் ஏறிவிடுகின்றது.

இவ்வெஞ்சினின் மரபு அறியத்தக்கது. ஜப்பானிய ஹோண்டா நிறுவனத்தார் 1976-ஆம் ஆண்டில் ஸி.ஜி. 125 என்னும் வண்டியை வெளியிட்டனர். பேணுவார் இன்றியும் நெடுநாள் உழைக்கவேண்டும் என்னுங் கருத்தால், தள்ளுகோல்கள் வால்வுகளைத் திறக்கும் எளிய அமைப்பை அதற்குத் தந்தனர். அவ்வமைப்பையே சீனத்துத் தொழிற்சாலைகள் பல பின்பற்றிப் பெருக்கின. ஆதலின் ஒருவர் செய்த உறுப்பு மற்றொருவர் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றது. இவ்வகை எஞ்சின்களைச் செய்வோருள் ஒன்றாகிய சொங்ஷென் நிறுவனத்தை 1992-ஆம் ஆண்டிற் சொங்சிங் நகரில் தோற்றுவித்த ஸுவோ சொங்ஷென் என்பார், தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்குந் தொழிலாளியாய் இருந்தவரே. திருத்துங் கையிலிருந்தே ஆக்குங் கை பிறந்தது என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

நிற்க. இம்முயற்சியை இகழ்வாரும் உளர். “மலிந்த விலைக்கு வாங்கிய வண்டிக்கு உறுப்புமேல் உறுப்பாக மாற்றிப் பணத்தை இறைப்பதினும், சற்றுப் பொறுத்திருந்து நல்ல வண்டி ஒன்றை வாங்கலாகாதோ?” என்பர் அவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எல்லையறியாது செலவிடுவார், சிறு வண்டியின் விலையோடு உறுப்புகளின் விலையையுங் கூட்டிப் பார்ப்பின் தாமே நாணுவர். ஆயினும், பெருவிலை கொடுக்கும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அன்றியும், கெட்டால் அஞ்சத்தக்க விலையுடைய பொருளை எவருந் துணிந்து பிரித்துப் பார்க்கமாட்டார். எளியோனுக்கு எஞ்சின் நூல் கற்பிக்கும் பள்ளியாக அச்சிறு வண்டி அமைகின்றது. ஆதலின் மாற்றுதல் தகுமோ என்பது எம் வினாவன்று. எதனை முன்னும் எதனைப் பின்னும் மாற்றுதல் தகும் என்பதே வினா.

புதியோர் பலர் முதலில் விரும்புவது வேகமே. கார்புரேட்டரை மாற்றுவர், ஒலியடக்கியைக் கழற்றி எறிவர், வண்டியோ தளர்ந்த திருகாணிகளோடும் வழுக்கும் டயர்களோடும் ஓடிக்கொண்டிருக்கும். இது முறையன்று. ஓடுதற்கு முன் நிற்றற்குக் கற்றல் வேண்டும். திருகாணி ஒவ்வொன்றையும் இறுக்குதலும், சக்கரக் கம்பிகளை ஒத்த இறுக்கத்தில் நிறுத்துதலும், தாங்கிகளிற் போதிய கிரீஸ் உளதா என நோக்குதலும், முதல் எண்ணெயை விரைவில் மாற்றுதலும், நல்ல டயர்களையும் பிரேக் கட்டைகளையும் பூட்டுதலும் முதற்கடமைகளாம். இவற்றாற் புகழ் வாராது, உயிர் நிற்கும்.

அடுத்து, மாற்றம் எதுவும் தனித்து நில்லாது என்பதை உணர்தல் வேண்டும். யாம் பயிலும் தமிழிலக்கணத்தில் இரு சொற்கள் புணருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூவகை வேறுபாடுகள் நிகழக் காண்கின்றோம். பொறியின் உறுப்புகளும் அத்தகையனவே. எஞ்சினோடு இணைந்த பற்சக்கரம் 15 பற்களும், பின்சக்கரத்துப் பற்சக்கரம் 45 பற்களும் உடையனவாயின், பின்சக்கரம் ஒருமுறை சுழல முன்னது 3 முறை சுழலும். முன்னதை 17 பற்களுடையதாக மாற்றின் ஏறக்குறைய 2.65 முறையே போதும். அதே வேகத்தில் எஞ்சின் நூற்றுக்கு 12 பங்கு மெல்லச் சுழன்று இளைப்பாறும். ஆயின் மேட்டிலேறும் வலிமையும் அவ்வளவே குறையும். நெடுஞ்சாலைக்கு ஆவது மலைவழிக்கு ஆகாது. ஒன்றைப் பெற ஒன்றை இழத்தல் பொறியின் நியதி.

கார்புரேட்டரின் செய்தியும் இதுவே. காற்று வடிகட்டியையும் புகைக்குழாயையும் திறந்துவிட்டு எரிபொருளின் அளவைக் கூட்டாதொழியின் எஞ்சின் மிகச் சூடேறிக் கெடும். அளவுமீறிக் கூட்டினாலோ ஸ்பார்க் பிளக் கரிபடியும். எண்ணெயிலும் பெட்ரோல் கலக்கும். ஆகவே ஒருகாலத்தில் ஒன்றையே மாற்றி, சிறிது தூரம் ஓட்டி, பிளக்கின் நிறத்தை நோக்கி, அது வெளிர்பழுப்பாயிருத்தலைக் கண்ட பின்னரே அடுத்ததிற் கைவைத்தல் அறிவுடைமை. மூன்றை ஒருங்கே மாற்றினவன், குற்றம் எதனால் நேர்ந்ததென்று அறியாது மயங்குவான்.

இறுதியாக ஒன்று. அந்நாட்டின் தூய காற்றுச் சட்டம், புகையின் நஞ்சைத் தணிக்க அமைத்த கருவிகளை அகற்றுதலைத் தடுக்கின்றது. “மலைவழியில் யார் பார்க்கின்றனர்?” என்று அதனை மீறுவாரும் உளர். எம் கருத்தில், வண்டி உடையவனுக்கு உரியதேயாயினும், அதன் ஒலி பரவும் செவியும் அதன் புகை கலக்கும் காற்றும் அவனுக்கு மட்டும் உரியனவல்ல. தன்னைப்போற் பிறனையும் நேசிக்கக் கற்றவன், சாலையோரத்துக் குடிசையில் உறங்குங் குழந்தையை மறந்து தன் வண்டியை முழங்கச் செய்யான். காவலர் காணாவிடத்தும் அக்குழந்தை உண்டன்றோ?

ஆதலின், திருத்துங் கையை யாம் போற்றுகின்றோம். ஆயின் அது முதலிற் காப்பை நாடுக. பின்னர்ப் பயனை நாடுக. எக்காலத்தும் அயலானை நினைக. ஏட்டுக் கல்வியே கல்வியென்று கருதும் மாணவராகிய நாமும், எண்ணெய் படிந்த அக்கைகளினின்று கற்கவேண்டுவன சில உள. பொருளைப் பிரிக்கத் துணிவும், பிரித்ததை ஒழுங்குறப் பூட்டப் பொறுமையும், பிழைத்தவிடத்துத் தன் பிழையென ஒப்பும் நேர்மையும் அவையாம். இம்மூன்றும் உடையானுக்குச் சிறுவண்டியும் பெருஞ்செல்வமே.