கம்பியும் வேண்டும், நிரலும் வேண்டும்

மாணவர்களே, கணினித் திரையில் மூன்று பெட்டிகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் பெட்டி கேமராவிலிருந்து படத்தைப் பெறுகிறது. இரண்டாவது அதை மங்கலாக்குகிறது. மூன்றாவது நிறத்தை மாற்றுகிறது. இவற்றைக் கம்பி போன்ற கோடுகளால் இணைத்தால் போதும். வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல் படம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடும். ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. கனடாவின் டொரொண்டோ நகரில் உருவான டச்டிசைனர் இத்தகைய மென்பொருள்தான். மேடை நிகழ்ச்சிகளிலும் கலைக் கண்காட்சிகளிலும் காணும் ஒளிக்காட்சிகளை உருவாக்க இது பயன்படுகிறது.

பிறகு ஏன் அதற்குள் பைத்தன் மொழியையும் சேர்த்தார்கள்? எளிமை கெட்டுவிடாதா? கெடாது, சேர்த்ததே சரி என்பது என் கருத்து.

“பத்துப் பேருக்கு மேல் மேடைமுன் நின்றால் நிறம் மாற வேண்டும். ஆனால், முன்பு மாறி 30 விநாடி ஆகியிருக்க வேண்டும். பாட்டு முடிந்துவிட்டால் மாறவே கூடாது.” பைத்தனில் இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம். பெட்டிகளை மட்டும் நம்பினால், எண்ணுவதற்கு ஒன்று, ஒப்பிடுவதற்கு ஒன்று, நேரம் பார்க்க ஒன்று என்று பெருகி, கடைசியில் இடியாப்பச் சிக்கல்தான். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் செய்தவருக்கே புரியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் பைத்தனிலேயே எழுதிவிடலாமா? கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அகலம் 1920, உயரம் 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 60 படங்கள் என்றால் 12 கோடியைத் தாண்டும். பைத்தன் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் காட்சி திக்கித் திணறும். படத்தைக் கையாளும் பெட்டிகளோ அவ்வேலையை வரைகலைச் செயலியிடம் ஒப்படைக்கின்றன. அது ஏராளமான புள்ளிகளை ஒரே நேரத்தில் கணக்கிடும்.

ஆகவே, படம் கம்பி வழியே ஓடட்டும். எப்போது, எதை மாற்றுவது என்பதை நிரல் முடிவு செய்யட்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு நிரல், கம்பியே இல்லாமல் வேறொரு பெட்டியின் அமைப்பை மாற்றிவிடும். திரையில் அது தெரியாது. எனவே நிரலைச் சிறியதாக வைத்து, அது என்ன செய்கிறது என்று மேலே ஒரு வரி குறிப்பு எழுதுங்கள்.

பெட்டிகளை இணைப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சிலருக்கு நிரல் வரிகளைக் கண்டாலே பயம். இரு தரப்பினருக்கும் ஒன்று சொல்வேன்: டச்டிசைனருக்கு இலவசப் பதிப்பு உண்டு. இந்த வார இறுதியில் மூன்று பெட்டிகளை இணைத்து, ஐந்து வரி எழுதிப் பாருங்கள்.