தூர் வாராத கால்வாய் நகரங்கள்

ஆர்.பி.ஜி. ஆடுகிற நம் மக்களுக்கு ஒரு வியாதி உண்டு. கற்பனை உலகத்தில் கால்வாய் நகரம் வேண்டுமென்றால் உடனே வெனிஸ் நகரப் படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். நாலு கொண்டோலா, ஒரு முகமூடித் திருவிழா, பாலத்துக்கு அடியில் ஒரு திருடர் சங்கம், தண்ணீருக்குள் ஒரு ராட்சச ஜந்து. நகரம் ரெடி. பகடையை உருட்ட வேண்டியதுதான் பாக்கி.

(தெரியாதவர்களுக்கு: நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை ஆடுவதுதான் ஆர்.பி.ஜி. 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கெல்லாம் தாத்தா. கதையை நடத்துகிறவர் கேம் மாஸ்டர். ஊரைக் கட்டுவது அவர் தலையெழுத்து.)

இதெல்லாம் நகரமே இல்லை சாமி. போட்டோ ஸ்டூடியோவில் முதுகுக்குப் பின்னால் தொங்குமே தாஜ்மகால் படுதா, அந்த ரகம்.

சுற்றிலும் உப்புத் தண்ணீர். குடிக்க என்ன செய்வான்? இதை யோசித்த ஒரு கேம் மாஸ்டரை நான் பார்த்ததில்லை. நிஜ வெனிஸ்காரன் யோசித்தான். சதுக்கத்தைத் தோண்டி, பள்ளத்துக்குக் களிமண் பூசி, மணலைக் கொட்டி, நடுவில் செங்கல்லால் கிணறு எழுப்பினான். சதுக்கத்தில் விழும் மழை மணலில் வடிகட்டிக் கிணற்றுக்குள் ஊறும். கிணற்று மூடிக்குப் பூட்டு. சாவி வட்டாரத் தலைவர் கையில். மழை பொய்த்தால் பிரெண்டா ஆற்றிலிருந்து படகில் தண்ணீர் வந்தாக வேண்டும். 1884-ல் குழாய்த் தண்ணீர் வரும் வரை இதுதான் கதை. கடல் பொங்கிச் சதுக்கத்துக்குள் ஏறினால் கிணறு உப்பாகிவிடும். இப்போது சொல்லுங்கள், அந்தச் சாவியைத் திருடுவது பெரிய சாகசமா, பாலத்தடியில் ஜந்துவை வெட்டுவதா?

அடுத்தது சேறு. ஆறு வண்டல் கொண்டுவரும், கால்வாய் மேடாகும். வாராவிட்டால் படகு தட்டும், நாறும். வெனிஸ் சும்மா இருக்கவில்லை. காயல் தூர்ந்துவிடக் கூடாதென்று பிரெண்டா, பியாவே ஆறுகளையே நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டித் திசைதிருப்பினார்கள். தண்ணீர் விவகாரத்துக்கென்றே 1501-ல் தனி அதிகாரிகளை வைத்தார்கள். இங்கே கேள்வி, யார் காசில்? யார் வயலுக்குள் ஆற்றைத் திருப்பினார்கள்? சேற்றில் இறங்கி வாரியவன் யார்? நம் கற்பனை நகரங்களில் மந்திரவாதி இருப்பான், கொலையாளி இருப்பான், இளவரசி இருப்பாள். தூர் வாருகிறவன் மட்டும் இருக்கவே மாட்டான். எனக்குக் கடுப்பே இதில்தான். அவன் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தால் அந்த இளவரசி படகிலேயே ஏற முடியாது.

அப்புறம் பணம். பி.காம். படிக்கிறவன் இதைப் பேசாமல் விடமாட்டேன் :-) நம்மை இம்சிக்கும் இரட்டைப் பதிவு முறையை விளக்கி முதலில் அச்சேறிய புத்தகம், லூகா பாச்சோலி எழுதியது, 1494-ல் வெனிஸில்தான் வெளிவந்தது. அதைவிட சுவாரசியம் 'கொலெகான்சா' ஒப்பந்தம். ஊரில் இருப்பவர் முதல் முழுவதையும் போடுவார், காசில்லாத ஒரு இளைஞன் சரக்கோடு கப்பலேறுவான். லாபத்தில் முக்கால் பங்கு முதல் போட்டவருக்கு, கால் பங்கு போனவனுக்கு. இப்படியே பல புதுப் பணக்காரர்கள் மேலே வந்தார்கள். 1297-ல் பெருமன்றத்தின் கதவு சாத்தப்பட்டு, உறுப்பினர் பதவி மெல்ல மெல்லப் பரம்பரைச் சொத்தானது. பழைய பணக்காரர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்ட வேலை இது என்று பொருளாதார வரலாற்றாளர்கள் சிலர் சொல்கிறார்கள். கப்பலிலிருந்து திரும்பி வருகிறாய், கையில் காசு இருக்கிறது, கதவு மூடியிருக்கிறது. இதைவிட நல்ல கதைத் தொடக்கம் எந்த டிராகன் தரும்?

"மச்சி, விளையாட்டுதானேடா, கணக்கு வாத்தியார் மாதிரி பேசாதே" என்பான் என் நண்பன். அந்தச் சப்பைக்கட்டு இங்கே செல்லாது. நான் கேட்பது கூடுதல் பாடம் இல்லை, கூடுதல் ஆட்டம். கடல் ஏறி இறங்குவதையே எடுத்துக்கொள்ளுங்களேன். வெனிஸில் அது சுமார் ஒரு மீட்டர் வரை போகும். ஏறினால் தாழ்வான பாலத்தடியில் படகு நுழையாது, வற்றினால் சின்னக் கால்வாயில் தரை தட்டும். துரத்துகிறவனும் ஓடுகிறவனும் மணி பார்த்துத்தான் ஓட வேண்டும். ஒரு பைசா செலவில்லாத விதி. ஆனாலும் நம்மாட்கள் வரைபடத்தில் தண்ணீர் எப்போதும் நீலக் கோடாக அப்படியே நிற்கும்.

வெனிஸ்தான் வேண்டுமென்றும் இல்லை. ஏரிக்குள் மிதப்பது போல் பயிர்ப் பாத்திகள் கட்டிய டெனோச்டிட்லான் இருக்கிறது, அதை ஏன் யாரும் தொடுவதில்லை என்பது தனிக் கோபம், இன்னொரு நாள்.

அடுத்த முறை உங்கள் கேம் மாஸ்டர் கால்வாய் நகரத்துக்குக் கூட்டிப்போனால், "குடிதண்ணி எங்கேருந்து வருது?" என்று கேளுங்கள். "மந்திரக் கிணறு" என்று பதில் வந்தால் பகடையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.