டீம் முதலாளிக்குச் சொந்தமா? ஊருக்குச் சொந்தமா?

விம்பிள்டன் என்றால் நம்ம ஊரில் டென்னிஸ்தான் ஞாபகம் வரும். 1960, 1961 இரண்டு வருஷமும் ராமநாதன் கிருஷ்ணன் அரை இறுதி வரை போனாரே, அதே விம்பிள்டன்!

தென்மேற்கு லண்டனில் உள்ள அந்தப் பேட்டையில் ஒரு கால்பந்து டீமும் இருந்தது. அதை மூட்டை கட்டி வேறு ஊருக்குக் கொண்டு போய்விட்டார்கள்!

"போனால் போகட்டும்" என்று ஜனங்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. அவர்கள் செய்த காரியம் உலகத்துக்கே ஒரு பாடம்.

கோப்பை வென்ற டீம்

1889-ல் ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த டீம் அது. 1912 முதல் 'பிளவ் லேன்' என்ற சின்ன மைதானத்தில் ஆடியது. 1977-ல்தான் லீகில் இடம் கிடைத்தது; அதுவும் கடைசி டிவிஷனில். ஒன்பதே வருஷத்தில் முதல் டிவிஷனுக்கு ஏறிவிட்டது!

1988 மே 14. எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம். எதிரே அந்த வருஷ லீக் சாம்பியன் லிவர்பூல். விம்பிள்டனை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. லாரி சான்செஸ் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். லிவர்பூலுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. கோல் கீப்பர் பெசன்ட் பாய்ந்து தடுத்துவிட்டார். 1-0! லிவர்பூல் அவுட்!

வாடகை வீட்டு வாழ்க்கை

கோப்பை வந்தது. அதோடு தலைவலியும் வந்தது.

1989-ல் ஷெபீல்டு நகர மைதானத்தில் நடந்த கோர நெரிசலில் 97 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு பெரிய டீம்களின் மைதானத்தில் எல்லோருக்கும் உட்கார நாற்காலி இருந்தே தீரவேண்டும் என்று உத்தரவு வந்தது. பிளவ் லேனில் அது கட்டுப்படி ஆகாது என்றார்கள். 1991-ல் டீம் வேறொரு கிளப்பின் மைதானத்துக்கு வாடகைக்குப் போனது. பழைய இடம் பின்னால் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

வாடகை வீட்டுக்காரனின் கஷ்டம் சொல்லவா வேண்டும்? சொந்த மைதானம் இல்லை. வரும்படி இல்லை. 2000-ல் டீம் மேல் டிவிஷனில் இருந்து இறங்கியும் போச்சு. அடுத்த வருஷமே முதலாளிகள் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். டீம் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குப் போகிறதாம்! சுமார் 90 கிலோமீட்டர் தூரம்!

லீக் நிர்வாகம் முதலில் "முடியாது" என்றது. முதலாளிகள் அப்பீல் போனார்கள். மூன்று பேர் கமிஷன் விசாரித்தது. 2002 மே 28-ல் தீர்ப்பு: இரண்டு பேர் "போகலாம்" என்றார்கள், ஒருவர் "கூடாது" என்றார். அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேல் ஓர் ஊரில் வேர் விட்ட மரத்தை ஒரே ஒரு ஓட்டு பிடுங்கிவிட்டது!

முதலாளி கட்சி

முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வருஷா வருஷம் கைக்காசைக் கொட்டியவர்கள் அவர்கள். நஷ்டத்தில் ஓடும் கடையை ஜனநடமாட்டம் உள்ள தெருவுக்கு மாற்றுவது குற்றமா? மில்டன் கீன்ஸ் 1967-ல் உருவான புது நகரம். அங்கே லீக் டீம் கிடையாது. அந்த ஊர்ப் பையன்களுக்கும் ஆட்டம் பார்க்க ஆசை இருக்காதா? இருக்கும்தான்.

ஆனால் ஒன்று. கடை மாறினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவான். டீம் மாறினால் ரசிகன் எங்கே போவான்? அப்பன் பார்த்த டீம், பாட்டன் பார்த்த டீம். சோப்பு, சீயக்காய் மாதிரி இன்னொன்றை வாங்கிக்கொள்ள முடியுமா?

கோவிலுக்குத் தர்மகர்த்தா இருப்பார். வரவு செலவு பார்ப்பது அவர்தான். உண்டியலில் காசு விழவில்லை என்று உற்சவமூர்த்தியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால் ஜனங்கள் விடுவார்களா?

புது நகரத்துக்கு டீம் வேண்டுமா? கீழ் டிவிஷனில் ஒன்றை ஆரம்பித்து, ஆடி ஜெயித்து மேலே வரட்டும். விம்பிள்டன் அப்படித்தானே வந்தது?

அமெரிக்காவில் ராத்திரி வேலை

அமெரிக்காவில் இது சர்வசாதாரணம். அங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் பிடித்து ஓடும் வேறு ஆட்டம். 1984 மார்ச் 28 ராத்திரி, பால்டிமோர் நகரத்து 'கோல்ட்ஸ்' டீமின் சாமான்களை லாரிகளில் ஏற்றி, விடிவதற்குள் இண்டியானாபோலிஸ் நகரத்துக்கு ஓட்டம் பிடித்தார்கள். கடன்காரனுக்குப் பயந்து வீடு காலி பண்ணுகிற மாதிரி!

அழுத பால்டிமோர் அப்புறம் என்ன செய்தது? 1996-ல் கிளீவ்லண்ட் நகரத்து டீமை இழுத்துக்கொண்டது! தனக்கு வந்த வலி பிறத்தியானுக்கு வந்தால் தெரியாது போலும்.

ஆனால் கிளீவ்லண்ட் உஷாராகிவிட்டது. கோர்ட்டுக்குப் போனது. "ஆட்டக்காரர்கள் போகட்டும். 'பிரௌன்ஸ்' என்ற பேரும், நிறமும், பழைய சாதனைகளும் எங்களுக்கே" என்று பேசி வாங்கிக்கொண்டது. 1999-ல் அதே பேரில் புது டீம் இறங்கியது.

புல்வெளியில் ஆள் எடுப்பு

விம்பிள்டன்காரர்கள் இதற்கும் ஒரு படி மேலே போனார்கள். தீர்ப்பு வந்த சில வாரங்களில் தங்கள் கைக்காசைப் போட்டுப் புது கிளப் ஆரம்பித்தார்கள். ஊர்ப் பொது வெளியில் ஆள் எடுப்பு நடத்தினார்கள். சுமார் 230 பேர் வந்து பந்தை உதைத்துக் காட்டினார்கள்! 2002 ஜூலையில் முதல் ஆட்டத்தில் 4-0 என்று தோற்றார்கள். ஆனால் பார்க்க வந்த கூட்டம் நாலாயிரத்துக்கும் மேல்!

பழைய டீம் 2003-ல் கடனில் மூழ்கி, மில்டன் கீன்ஸ் போய், 2004-ல் பேரையும் மாற்றிக்கொண்டது. 2007-ல் பழைய கோப்பைகளை விம்பிள்டன் பகுதி நகராட்சியிடம் ஒப்படைத்தது.

புது கிளப்போ ஒன்பது சீசனில் ஐந்து தடவை மேல்படி ஏறி, 2011-ல் லீகுக்குள் நுழைந்தது. 2020 நவம்பரில், பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், அதே பிளவ் லேனில் சொந்த மைதானம் திறந்தது. 2025-ல் மூன்றாவது டிவிஷனுக்கு மீண்டும் ஏறியது. மில்டன் கீன்ஸ் டீம் அப்போது நாலாவது டிவிஷனில்!

சட்டம் வந்தது

2025-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமே போட்டுவிட்டது. தனி அதிகாரியின் அனுமதி இல்லாமல் இனி எந்தக் கிளப்பும் ஊர் மாற முடியாது. சின்னம், நிறம் மாற்ற ரசிகர்கள் சம்மதம் வேண்டும். நல்ல காரியம். ஆனால் 23 வருஷம் லேட்!

சட்டம் மட்டும் போதாது. டீமின் பேர், நிறம், கோப்பை மூன்றையும் ஊர்க்காரர்கள் டிரஸ்டில் வைக்கவேண்டும். முதலாளி பங்குகளை விற்கட்டும், லாபம் பார்க்கட்டும். ஊர்ப் பேரை விற்கக் கூடாது.

முதலாளி இன்று வருவார், நாளை போவார். மழையில் நனைந்துகொண்டு டிக்கெட் கியூவில் நிற்கிறவன் எங்கேயும் போகமாட்டான். டீம் யாருக்குச் சொந்தம் என்பதற்கு இதைவிடப் பத்திரம் வேறு என்ன வேண்டும்?