வீடுகள் உண்டு, குடியிருக்க இடமில்லை
சுவிஸ் மலைக்கிராமங்களின் வாடகை நெருக்கடி

அல்ப்ஸ் மலைக்கிராமங்களில் இன்று நிலவும் வீட்டு நெருக்கடி, வீடுகள் இல்லாமையால் எழுந்ததன்று. கிறவுபுண்டன், வாலிஸ் மாநிலங்களின் உல்லாசப் பயணக் கிராமங்கள் பலவற்றில், வீடுகளிற் பாதிக்கு மேற்பட்டவை வெளியூராரின் விடுமுறை இல்லங்களே. ஆண்டிற் சில வாரங்கள் மட்டும் திறக்கப்படும் இவற்றை இந்நாட்டவர் 'குளிர்ந்த படுக்கைகள்' என்பர். அக்கிராமத்து விடுதிகளிற் சமைப்போரும், கோப்பை கழுவுவோரும், அறை துப்புரவு செய்வோரும் வாடகைக்கு வீடு தேடி அலைகின்றனர். எம்மவரும் இவர்களுள் அடங்குவர்.

இப்போக்கைத் தடுக்கவே 2012 மார்ச் 11ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. சூழலியலாளர் பிரான்ஸ் வெபர் முன்வைத்த யோசனை நூற்றுக்கு 50.6 வீத வாக்குகளால் நிறைவேறியது. எந்தக் கிராமத்திலும் இரண்டாம் வீடுகள் 20 வீதத்தைத் தாண்டலாகாது என்பதே அதன் சாரம். ஆயின் 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்தது. வாக்கெடுப்பு நாளுக்கு முன்னரே இருந்த வீடுகளை எவரும் விடுமுறை இல்லமாக மாற்றலாம்.

விளைவு யாது? புதிய விடுமுறை இல்லங்கள் கட்டுவது தடைப்பட, செல்வந்தரின் பார்வை பழைய வீடுகள் மீது திரும்பியது. கொரோனாக் காலத்தில் இக்கேள்வி மேலும் பெருகியது. பரம்பரை வீடுகள் உயர்ந்த விலைக்குக் கைமாற, அவற்றில் வாடகைக்கிருந்த குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது. 2024 ஒக்ரோபரில் சட்டம் மேலும் தளர்த்தப்பட்டது. பழைய வீட்டை இடித்துக் கட்டுவோர் அதனை 30 வீதம் வரை பெருப்பிக்கலாம். மேலதிக வீடுகளும் அமைக்கலாம். அவற்றில் உள்ளூரவரைக் குடியமர்த்த வேண்டுமென்ற கட்டாயமில்லை.

நெருக்கடி முற்றும்போது பழி அகதிகள் மீது விழுவதே வழமை. இது மலைப்பகுதிக்கு மட்டும் உரியதன்று. 2023இல் ஆர்காவ் மாநிலத்தின் விண்டிஷில் 49 வாடகையாளர் வெளியேற்றப்படவிருந்தனர். தஞ்சம் கோரிய இளையோரை அங்கு தங்கவைப்பதற்காகவே இது எனச் செய்தி பரவ, நாடெங்கும் சினம் மூண்டது. அக்கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட உரிமையாளர் திட்டமிட்டிருந்தமை அவ்வளவாகப் பேசப்படவில்லை. எந்த மாநிலத்தில் வாழ்வது என்பதையே தாமாகத் தீர்மானிக்க இயலாத தஞ்சக் கோரிக்கையாளர், வீட்டுச் சந்தையை ஆட்டிவைப்பவராகச் சித்திரிக்கப்படுவது விந்தையே.

பரிகாரம் இல்லாமலில்லை. பழைய வீடுகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கும் கிராமசபைகளுக்கும் சட்டம் இடமளிக்கின்றது. இரண்டாம் வீடுகளுக்குத் தனிச் சொத்துவரி விதிக்கும் அதிகாரத்தை 2025 செப்ரெம்பர் வாக்கெடுப்பு மாநிலங்களுக்கு வழங்கியுள்ளது. ஆனால், புதிய வீடுகளிற் பத்தில் ஒன்றையேனும் இலாப நோக்கற்ற அமைப்புகள் கட்டவேண்டும் என்ற யோசனையை 2020இல் 57 வீதமானோர் நிராகரித்தனர் என்பதையும் மறத்தலாகாது. இவை யாவும் வாக்குச்சீட்டால் முடிவாகுபவை. குடியுரிமை பெற்ற எமது பிள்ளைகள் அச்சீட்டைக் குப்பையில் இடாதிருத்தல் வேண்டும்.

வாக்குரிமையற்றோர்க்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. வெளியேறும் அறிவித்தல், மாநிலம் அங்கீகரித்த படிவத்தில், கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே அனுப்பப்படவேண்டும். அது கிடைத்து 30 நாட்களுக்குள் வாடகை இணக்கசபையில் ஆட்சேபிக்கலாம், அதற்குக் கட்டணமில்லை. மொழி விளங்கவில்லை என்று கடிதத்தை மேசையில் போட்டு வைப்பவர், அந்த 30 நாட்களையும் இழந்துவிடுவார்.